முடி போற போக்கு

தலைப்பைப் பார்த்து தத்துவம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். இது நிஜமாகவே முடியைப் பற்றியதுதான். நடுவில் கொஞ்சம் சீழ், கொஞ்சம் ரத்தம் எல்லாம் வரும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் காலி பண்ணிவிட்டு வரவும்.

எனக்கு வேலை குர்கானில். (2016-ல் குருகிராம் என்று மாற்றிவிட்டார்கள். ஆட்டோக்காரர்கள் இன்னும் மாறவில்லை, நானும் மாறவில்லை.) ஒரு பெரிய ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ். கோட்டு, டை, பளபள ஷூ, "வெல்கம் சார்". 2013-ல் சங்கரன்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தவன். காலை ஷிஃப்டுக்கு ஆறே முக்காலுக்கு எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பார்கள். நகம், ஷூ, பெயர்ப்பட்டை, கடைசியாக முகம். சந்தேகம் வந்தால் மேனேஜர் டிஷ்யூ பேப்பரைக் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுப்பார். பேப்பர் பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொண்டால் திரும்பப் போய் ஷேவ் பண்ணிவிட்டு வர வேண்டும். எங்கள் டீமில் இந்தக் கண்டத்திலிருந்து தப்பித்த ஒரே ஆள் சர்தார்ஜி. அவர் தாடியை அழகாகச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, எங்களைப் பரிதாபமாகப் பார்த்தபடி நிற்பார்.

இப்படி தினசரி ஷேவிங், சாயங்கால ஷிஃப்ட் என்றால் சில நாள் இரண்டு தடவை. ஒன்றரை வருஷத்தில் என் கழுத்து கெட்டுப்போனது.

முதலில் நாலைந்து சிவப்புப் பொட்டு. பரு என்று நினைத்தேன். அப்புறம் அது பத்து, இருபது. உள்ளே சீழ் வைத்து, காலரில் உரசி உரசி வெள்ளைச் சட்டையில் ரத்தப் புள்ளி விழும். ஆறினால் அந்த இடம் கருப்பாகிவிடும். உற்றுப் பார்த்தால் தோலுக்கு அடியில் முடி பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு கிடப்பது தெரியும். நம் ஆள் சும்மா இருப்பானா? ட்வீசர் வாங்கினேன். தினம் ராத்திரி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தோண்டுவேன். ஒரு முடியை உருவி எடுக்கும்போது கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றை உருவினால் அந்த இடத்தில் அடுத்த முடி இன்னும் ஆழத்தில் மாட்டிக்கொள்ளும். இது எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

ஒரு நாள் மேனேஜர் வரிசையில் என் முன்னால் நின்று, "ஷேவ் நஹி கியா?" என்றார். பண்ணியிருந்தேன் சார், பண்ணினதால்தான் இப்படி இருக்கிறது என்று ஹிந்தியில் சொல்வதற்குள் அவர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். போகிற போக்கில், "கெஸ்ட் முன்னாடி இந்தக் கழுத்தோடு நிற்காதே, ஏதாவது பூசிக்கொள்" என்று உத்தரவு. கூட வேலை பார்க்கும் ஒரு பெண் தன் கன்சீலரைக் கொடுத்தாள். அவள் நிறம் வேறு, என் நிறம் வேறு. கழுத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றேன்.

அந்தப் பெண்தான் இதற்கு இன்க்ரோன் ஹேர் என்று பேர் சொன்னாள். அவளுக்குக் காலில். மாதா மாதம் வாக்ஸிங். பட்டையைப் பிய்க்கும்போது சில முடி வேரோடு வராமல் தோலுக்குக் கீழேயே ஒடிந்துவிடுமாம். வேரோடு வந்தாலும், திரும்ப முளைக்கிற முடி மெல்லிசாக இருந்து, மேலே அடைத்துக்கொண்ட செத்த தோலைக் குத்திக்கொண்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே படுத்துவிடுமாம். அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி: முடி அரை சென்டிமீட்டராவது வளர்ந்த பிறகுதான் வாக்ஸிங். பண்ணின அன்றைக்கும் மறுநாளும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் கிடையாது. மூன்றாம் நாளிலிருந்து குளிக்கும்போது ஈரத்துணியால் மெதுவாக ஒரு தேய்ப்பு, வாரத்தில் இரண்டு மூன்று தரம் சாலிசிலிக் ஆசிட் போட்ட ஏதாவது ஒரு லோஷன். பரபரவென்று ஸ்க்ரப் பண்ணினால் இருப்பதும் கெட்டுப்போகும் என்றாள். ஹோட்டல் யூனிஃபார்மில் முட்டி வரை ஸ்கர்ட் என்பதால் அவளுக்கும் இது வேலைப் பிரச்சினைதான். நான் அதுவரை இதை ஆம்பிளைகளின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பேச்சைக் கேட்டு ஒழுங்காக டாக்டரிடம் போயிருக்கலாம். நான் போனது மருந்துக்கடைக்கு. கடைக்காரர் கழுத்தைப் பார்த்தார், ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். நாலே நாளில் மாயம்! சிவப்பு போச்சு, அரிப்பு போச்சு. மூன்று மாதம் அதைத் தடவினேன். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்ப வந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, வியர்வை பட்டாலே எரிச்சல். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்று பின்னால்தான் தெரிந்தது. ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவே போட்டது. கடையில் கேட்டுப் பாருங்கள், இன்னும் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. நிறம் வெளுக்க, பரு போக என்று வாங்குகிறவர்களும் இதில்தான் விழுகிறார்கள்.

அப்புறம் 2020 மார்ச். ஊரடங்கு. ஹோட்டல் மூடியாச்சு, பாதிச் சம்பளம், ரூமில் நானும் ஒரு இண்டக்ஷன் அடுப்பும். ஊருக்குப் போக ரயில் இல்லை. யாருக்காக ஷேவ் பண்ணுவது? விட்டுவிட்டேன். முதல் பத்து நாள் கழுத்து பயங்கரமாக அரித்தது. மூன்றாவது வாரம் அடங்கியது. ஆறாவது வாரம் தாடிக்குள் கையை விட்டுத் தடவினால் ஒரு கட்டி இல்லை. ஆறு வருஷம் க்ரீமும் லோஷனும் செய்யாததை சோம்பேறித்தனம் செய்துவிட்டது!

ஹோட்டல் திரும்பத் திறந்தது. ஷேவ் பண்ணினேன். மூன்றே வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

அதற்கப்புறம்தான் புத்தி வந்து 2021-ல் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். வயதான அம்மா. என் தலைமுடியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், "சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே" என்று ஒரு பெயரைச் சொன்னார். பார்பா என்றால் லத்தீனில் தாடியாம். பார்பர் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர் விளக்கியது இதுதான். சுருட்டை முடிக்காரர்களுக்கு வேரே தோலுக்குள் வளைந்துதான் இருக்கும். வெட்டுப்பட்ட முடியின் நுனி, மூங்கிலைச் சாய்த்துச் சீவின மாதிரி கூராக நிற்கும். அது வளரும்போது வளைந்து வந்து பக்கத்துத் தோலிலேயே குத்தி உள்ளே நுழைந்துவிடும். இது ஒரு வகை. இன்னொரு வகை, முடி வெளியே வருவதற்கு முன்னாலேயே குழிக்குள்ளிருந்தபடி சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் போவது. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்போக்கில், ஒட்ட வழித்தால் இந்த இரண்டாவது வகை வரும். இழுத்த தோலை விட்டதும் வெட்டின முடி உள்ளே போய்விடுகிறதே. எப்படி வந்தாலும் உடம்புக்கு அது முள் குத்தின மாதிரிதான். நம் முடிதானே என்று பார்க்காது. சண்டைக்குப் போய்விடும், வீங்கும், சீழ் கட்டும்.

"எத்தனை பிளேடு ரேசர்?" என்றார். ஐந்து என்றேன், பெருமையாக. முதல் பிளேடு முடியைப் பிடித்து மேலே இழுக்குமாம், அது உள்ளே போவதற்குள் அடுத்தது வெட்டுமாம். மொழமொழவென்று இருப்பதன் ரகசியமே முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுவதுதான். 1971-ல் இரண்டு பிளேடு ரேசர் வந்தது, 1998-ல் மூன்று, 2003-ல் நான்கு, 2006-ல் ஐந்து. நேர்முடிக்காரர்களுக்கு அது வசதி. என்னைப் போன்றவன் காசு கொடுத்து முடியை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாலு வாரம் ஷேவிங் நிறுத்தணும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்குள் மாட்டிக்கொண்ட முடியெல்லாம் வளர்ந்து, ஸ்ப்ரிங் மாதிரி தானாக வெளியே துள்ளிவிடும். வளையமாக வெளியே தெரிகிற முடியை மட்டும், சுத்தம் செய்த ஊசியால் ஒரு முனையை மெல்லத் தூக்கி விடலாம். பிடுங்கக் கூடாது. ராத்திரி அடாபலீன் ஜெல், காலையில் பென்ஸாயில் பெராக்ஸைடு போட்ட ஃபேஸ்வாஷ். கழுத்துக்கு மட்டும் லேசர் செய்துகொள்ளலாம், ஆனால் கருத்த தோலுக்கு எல்லா லேசரும் ஆகாது, 1064 நானோமீட்டர் என்டியாக் இருக்கிற இடமாகப் பார்த்துப் போ என்றார். ஆறேழு தடவை வரணும், தடவைக்கு இவ்வளவு என்றார். அந்தத் தொகைக்கு ஊரில் தங்கச்சிக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்டலாம். விட்டுவிட்டேன்.

சீட்டை ஹெச்.ஆரில் கொடுத்தேன். முகம் சுளித்தார்கள், மறுக்கவில்லை. தாடியோடு முன்னால் நிற்கக்கூடாது என்று கீழே பேஸ்மெண்டில் ரிசர்வேஷன் டெலிபோனில் உட்கார வைத்தார்கள். அந்த நாலு வாரத்துக்குள்தான் டியூட்டி மேனேஜர் இண்டர்வியூ நடந்தது. "நீ இப்ப ஃப்ளோரில் இல்லையே" என்று என் பேர் போகவில்லை. எனக்கு அப்புறம் சேர்ந்த பையன் டியூட்டி மேனேஜர் ஆனான். கட்டிகள் மட்டும் போயிருந்தன.

திரும்ப மேலே வந்ததும் டாக்டர் சொன்னபடியே பண்ணினேன். குளித்து முடித்து, வெந்நீர் பட்டு முடி ஊறின பிறகுதான் ஷேவிங். ஒற்றை பிளேடு. அழுத்தாமல், தோலை இழுக்காமல், ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் போகாமல், ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசிக்கொண்டு. முக்கியமாக முடி வளரும் போக்கிலேயே. டிஷ்யூ சோதனையில் இரண்டு தடவை மாட்டினேன் என்றாலும் கன்னமும் வலது கழுத்தும் சுத்தமாயின. இடது கழுத்து மட்டும் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் அப்பா வருகிறார்.

எங்கள் அப்பா சலூன்காரர். தாத்தாவுக்குச் சலூன் கிடையாது. அடப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். வாசல் வழியாக இல்லை, தொழுவம் வழியாக. கூலி காசாக இல்லை, அறுப்புக்கு அறுப்பு தானியமாக. ஆச்சி பிரசவம் பார்ப்பாள். எங்கள் சாதிக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் என்னை அந்தப் பெயரால் யாரும் கூப்பிடவில்லை, வேறு பெயரால்தான் கூப்பிட்டார்கள். அப்பா 1984-ல் டவுனில் ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலியோடு கடை போட்டார். அந்தக் கடையில்தான் நானும் தங்கச்சியும் படித்தோம்.

டெல்லிப் பக்கம் வந்தபோது இதையெல்லாம் ரயிலிலேயே இறக்கி வைத்துவிட்டேன். "அப்பா என்ன பண்றார்?" என்றால் "பிஸினஸ்". என்ன பிஸினஸ் என்றால் "பர்சனல் கேர்". என் ஹோட்டல் சலூனில் ஹாட் டவல் ஷேவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்டு அழகான மெனு கார்டு இருக்கிறது. கெஸ்ட்டுக்கு அதைச் சிரித்துக்கொண்டே நீட்டுவேன். அப்பாவின் கடையில் எண்பது ரூபாய்.

2022 நவம்பரில் அப்பா முதன்முறையாக என்னைப் பார்க்க வந்தார். கோவில்பட்டியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி, நிஜாமுதீனில் இறங்கினார். இறங்கினதும் சாப்பிட்டியா, எப்படி இருக்கே எதுவும் இல்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"ஏல, யாருல ஒனக்குச் சவரம் பண்ணுதது?"

"நாந்தாம்ப்பா."

"அதான பாத்தேன். எந்தத் தொழில்காரன் இப்பிடிப் பண்ணுவான்."

மறுநாள் காலை பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். பையில் தொழில் சாமான் எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஏன் கொண்டுவந்தார் என்று கேட்கவில்லை. பாதி பிளேடைச் செருகுகிற கத்தி, ப்ரஷ், சோப்பு, சீனாக்காரக் கட்டி. வெந்நீரில் துண்டை நனைத்து ஐந்து நிமிஷம் கழுத்தைச் சுற்றி வைத்தார். எடுத்துவிட்டு, கத்தியைத் தொடாமல் கட்டைவிரலால் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். மாட்டுக்குச் சுழி பார்ப்பது மாதிரி.

"எப்பிடி வழிக்கே?"

"போக்குலதாம்ப்பா. மேலேர்ந்து கீழ."

"ஒனக்கு இந்தப் பக்கம் முடி கீழ இருந்து மேலல்லா போகுது. காதப் பாத்துப் போகுது பாரு. குரவளைக்குக் கீழ சுழி வேற. ஒங்க தாத்தாவுக்கும் இதேதான்."

அவ்வளவுதான் விஷயம்! எல்லாருக்கும் தாடி கீழ்நோக்கி வளரும் என்று நான் பாட்டுக்கு முடிவு பண்ணியிருந்தேன். இடது கழுத்தில் ஒரு வருஷமாக, போக்கு என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்போக்கில் வழித்திருக்கிறேன். உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் இரண்டு நாள் முடியை விட்டு, விரல் நுனியால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகிற பக்கம் போக்கு, சொரசொரவென்று தடுக்கிற பக்கம் எதிர். கழுத்தில் இரண்டு அங்குலத்துக்குள் மூன்று திசை இருக்கலாம்.

அப்பா சொன்னதெல்லாம் வேதம் என்று சொல்ல மாட்டேன். கத்தி பிடிக்கிறவர் கொஞ்சம் தோலை இழுத்துத்தான் பிடிக்கிறார். உள்ளே போன முடியைப் பிளேடு முனையால் கீறி எடுக்கலாம் என்றார், நான் விடவில்லை. ஒரே சீனாக்காரக் கட்டியை எல்லார் கன்னத்திலும் தேய்த்த காலம் ஒன்று இருந்தது. எய்ட்ஸ் பயம் வந்த பிறகு ஆளுக்கொரு புது பிளேடு என்று மாறினவர், கட்டியையும் அப்புறம் மாற்றினார். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சிலதும் ரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவும் என்று நான் சொன்னபோது, "அது எனக்குத் தெரியும்லே, சங்கத்துல கூட்டம் போட்டுச் சொன்னாங்க" என்றார்.

பாதிக் கழுத்து நுரையோடு இருக்கும்போது காலிங் பெல். கேப் ஷேர் பண்ணுகிற நண்பன், கான்பூர்க்காரன், சீக்கிரமே வந்துவிட்டான். நேராக பால்கனிக்கு வந்து பார்த்து, "வாவ், அங்கிள் ப்ரொஃபெஷனலா?" என்றான்.

நான் சொன்னேன்: "நோ, நோ. ஹாபி."

அப்பா கத்தியைத் துண்டில் துடைத்தார். அவருக்கு ஹிந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மிச்சக் கழுத்தை முடித்தார். எங்கேயும் ஒரு கீறல் இல்லை. நண்பன் எனக்கும் எனக்கும் என்று உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் பண்ணிவிட்டார். அவன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினான், விளையாட்டுக்குத்தான். அப்பா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவரும் வாங்கவில்லை.

ஒரு வாரம் இருந்தார். ஆக்ரா, குதுப்மினார் எல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். திரும்ப நிஜாமுதீனில் ரயில் கிளம்ப பத்து நிமிஷம் இருக்கும்போது ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஏல, ஹாபின்னா என்னல?"

"பொழுதுபோக்குப்பா."

கொஞ்ச நேரம் பிளாட்பாரத்தைப் பார்த்தார். "முப்பத்தெட்டு வருசமா நல்லாத்தான் பொழுது போயிருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

கான்பூர்க்காரனிடம் சொல்ல எனக்கு இன்னும் ஏழு மாதம் ஆயிற்று. கேபில் போகும்போது சொன்னேன். "அதான் கை அவ்வளவு சுத்தம்" என்றான். அப்புறம் ஐ.பி.எல். பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். பத்து வருஷமாக நான் பயந்தது இந்த அரை நிமிஷத்துக்குத்தான்.

எங்கள் ஹோட்டலில் இப்போது ஒழுங்காகச் செதுக்கின தாடிக்கு அனுமதி உண்டு. ஆகவே நான் ஷேவ் பண்ணுவதே இல்லை. ட்ரிம்மரை ஒரு மில்லிமீட்டரில் வைத்து, தோலில் அழுத்தாமல் ஓட்டுவதோடு சரி. முடியைத் தோலோடு ஒட்ட வெட்டாததால் அது உள்ளே போவது ரொம்பக் குறைந்துவிட்டது. பழைய கருப்புத் தழும்புகள் பாதி மங்கிவிட்டன, இரண்டு மட்டும் தடித்து அப்படியே இருக்கின்றன. அவை தழும்புத் தடிப்பு, போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதிதாகச் சேரும் பையன்களுக்கு க்ரூமிங் வகுப்பு இப்போது நான்தான் எடுக்கிறேன். முதல் வேலை, எல்லாரையும் கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறவர்களுக்கு, அப்பா, சங்கரன்கோவிலில் சலூன் வைத்திருக்கிறார் என்று சொல்கிறேன். முதல் தடவை சொன்னபோது குரல் கொஞ்சம் பிசகியது.

போன பொங்கலுக்கு அப்பாவுக்கும் ஒரு ட்ரிம்மர் வாங்கிக்கொண்டு போனேன். கடையில் வைத்திருக்கிறார். சார்ஜ் நிற்கவில்லை, மாற்றிக் கொடு என்று வாரா வாரம் போன். பில்லை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.